எழுவர் குழுவும் ஒரு வலது தோளும்

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. திங்கட்கிழமை கூட்டம். செய்துகொள்வதா வேண்டாமா என்பது கூட்டத்தில் எப்படியும் தெரிந்துவிடும் என்று சலூன்காரர் நம்பினார்.

மனைவி அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். முதலில் வலது கை, பிறகு இடது. மாற்றிச் செய்தால் வலிக்கும் என்பதை இருவரும் அனுபவத்தில் கற்றிருந்தார்கள்.

ஒன்பது மாதங்களுக்கு முன் வலது தோளில் வலி வந்தது. ஊசி போட்டார்கள். வலி குறைந்தது. ஆனால் தோள் பூட்டிக்கொண்டது. கை மார்பு உயரம் வரை வந்து நின்றுவிடும். ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் மருத்துவர். சலூனுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள்.

முடி வெட்டுகிறவருக்குக் கையைத் தூக்குவது தொழிலில் பாதி. மீதிப் பாதி பேச்சு. நான்கு மாதங்களாக அவர் அந்த மீதிப் பாதியை மட்டும் செய்துவந்தார். அவருடைய நாற்காலியில் மனைவியின் தம்பி வெட்டினான். அவர் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து காதோரம் இன்னும் கொஞ்சம் எடு, பின்னால் மேடு தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா எப்போது கடையில் இருக்க மாட்டார் என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டதாக மச்சினன் அக்காவிடம் சொன்னான். அக்கா அதைக் கணவரிடம் வேறு மாதிரி சொன்னாள். உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்களாம்.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். அவருக்கு உறுதி இல்லை. அவருடைய மருத்துவர் செய்யலாம் என்றார். செய்யாமலும் இருக்கலாம் என்றார். உங்கள் விருப்பம் என்றார். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டு, உங்க இஷ்டம் என்ற பதில் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனைப் பலகையில் அறிவிப்பைப் பார்த்தார். தோள் இறுக்கத்துக்கான சிகிச்சைகளின் நன்மை தீமைகளை ஆராய்ந்து பரிந்துரை எழுத எழுவர் குழு அமைக்கிறார்கள். அதில் நோயுள்ள ஒருவர் பொது உறுப்பினராக வேண்டும். அவர் விண்ணப்பித்தார். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. நோயின் பாதிப்பைக் காட்டும் பொருள் ஒன்றைக் கொண்டுவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. நான்கு மாதமாக ஒளித்து வைத்திருந்த கத்தரிக்கோலை மனைவி துணி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"காட்டறதுக்கு மட்டும்தான்," என்றாள்.

சீப்பு எப்போதும் அவர் பையில் இருக்கும்.

கூட்டம் மூன்றாவது மாடியில். நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் மடித்த அட்டை. அவருடைய அட்டையில் பொது உறுப்பினர் என்று இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பொது உறுப்பினர்தான்.

முதல் வேலை நலன் அறிவிப்பு. எடுக்கப்போகும் முடிவால் யாருக்காவது லாபமோ நஷ்டமோ உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற இதய மருத்துவர். தோளைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது, அதனால்தான் தலைவராக்கியிருக்கிறார்கள் என்றார் அந்த அம்மாள். மருந்தாளருக்கு அறிவிக்க ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்பதை மட்டும் அறிவித்தார். குடும்ப மருத்துவர், ஒரே தோளை ஐந்து தடவை பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் தினமும் எட்டுத் தோள்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். புள்ளியியல் படித்த பெண்ணுக்கு இரண்டு தோள்களும் நன்றாக இருந்தன.

அறுவை மருத்துவர் வேறொரு மருத்துவமனைக்காரர். பெரிய உருவம். இதுவரை முந்நூறு தோள்களைத் திறந்திருப்பதாகவும், கருவி விற்கும் நிறுவனம் ஒன்று தமக்கு ஒரு பேனாவும் ஒரு பையும் கொடுத்ததாகவும் சொன்னார். பையைத் தூக்கிக் காட்டினார். சலூன்காரர் பையைப் பார்க்கவில்லை. அவருடைய பிடரியைப் பார்த்தார். முடி காலருக்குள் போய்விட்டிருந்தது.

கடைசியாக அவருடைய முறை.

"எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த செயலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

அடுத்து, எந்தெந்த விளைவு முக்கியம் என்று மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் அற்பம். ஒன்பது என்றால் உயிர்போகிற விஷயம். பட்டியல் திரையில் வந்தது. வலி. தூக்கம். கிருமித் தொற்று. கை எத்தனை டிகிரி உயர்கிறது. டிகிரிக்கு மருத்துவர்கள் மூவரும் எட்டுப் போட்டார்கள். சலூன்காரர் இரண்டு போட்டார்.

தலைவர் காரணம் கேட்டார்.

"தூக்கறது இல்லீங்க மேடம். தூக்கி வச்சிருக்கறது. ஒரு தலைக்கு இருபது நிமிஷம். எனக்கு டிகிரி வேணாம், நேரம் வேணும்."

எத்தனை ஆய்வுகளில் நேரத்தை அளந்திருக்கிறார்கள் என்று தலைவர் புள்ளியியல் பெண்ணிடம் கேட்டார். மொத்தம் இருபத்தொரு ஆய்வுகள். அந்தப் பெண் மடிக்கணினியில் மேலும் கீழும் தேடினாள். டிகிரியை எல்லாரும் அளந்திருந்தார்கள். முன்புறம், பக்கவாட்டில், முதுகுப்புறம், படுத்த நிலையில், நின்ற நிலையில். தூக்கிய கை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"ஏன்?" என்றார் தலைவர்.

டிகிரியை அளக்கக் கருவி இருக்கிறது என்றார் அறுவை மருத்துவர்.

"கடிகாரமும் இருக்குங்களே," என்றார் சலூன்காரர்.

செயலர் அதை எழுதலாமா என்று தலைவரைப் பார்த்தார். எழுதும்படி தலைவர் தலையசைத்தார்.

வீட்டில் இருப்பவர்களையும் கலந்து பேசலாம் என்று விதியில் இருந்தது. சலூன்காரர் மனைவிக்குப் போன் போட்டு நடு மேசையில் வைத்தார். அவள் தயாராக இருந்தாள். முதுகு சொறிவதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். தன் கணவர் சொறியச் சொல்லும் இடம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் என்றும், மேலே என்பார், கையை மேலே கொண்டுபோனால் அதற்கும் மேலே என்பார் என்றும் விளக்கினாள். குடும்ப மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவர் அதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டார்.

"பதினொண்ணு."

அதிகபட்சம் ஒன்பதுதான் என்று தலைவர் மெதுவாகச் சொன்னார்.

"அப்ப ஒன்பதே போட்டுக்குங்க. ஆனா இது பதினொண்ணுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

அதற்குப் பிறகு சான்றுகள். புள்ளியியல் பெண் ஒரு மணி நேரம் பேசினாள். நன்றாகப் பேசினாள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரு பக்கமும் பெரும்பாலானோர் தேறிவிட்டார்கள். முதல் சில மாதங்களில் மட்டும் ஒரு ஆய்வு ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. ஆபரேஷன் செய்தவர்களில் சிலருக்குத் தொற்று, சிலருக்கு நரம்பு மரத்துப்போனது. அதிகம் பேருக்கு இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, சான்றின் உறுதி குறைவு என்று முடித்தாள்.

உறுதி குறைவு என்றால் என்ன என்று சலூன்காரர் கேட்டார். நாளைக்கே பெரிய ஆய்வு ஒன்று வந்தால் இப்போது சொன்னது மாறிவிடலாம் என்று பொருள் என்றாள்.

"நாளைக்கு வருதா?"

வருவதாகத் தகவல் இல்லை.

"புதன்கிழமை?"

அவள் தலைவரைப் பார்த்தாள். சலூன்காரர் கைகளை மேசைமேல் வைத்தார். வலது கையை இடது கையால் தூக்கி வைத்தார்.

"எல்லாம் கேட்டுக்கிட்டேன். அப்ப நான் வியாழக்கிழமை போகணுமா, வேணாமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் குழு எல்லா நோயாளிகளுக்கும் பொதுவாகச் சொல்லலாம், தனியாக ஒரு நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்றார். உறுப்பினர் யாரும் பொது உறுப்பினருக்கு மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்று தனி விதியே உண்டு என்று செயலர் எண்ணோடு எடுத்துச் சொன்னார்.

பிறகு ஓட்டெடுப்பு. இறுக்கம் தொடங்கி ஓராண்டு ஆவதற்குள் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாமா என்பது கேள்வி. இந்தக் கேள்வியில் சொந்த நலன் உள்ளவர்கள் வெளியே போக வேண்டும் என்றார் செயலர். அதாவது, ஆபரேஷன் செய்கிறவரும் செய்துகொள்ளப் போகிறவரும்.

சலூன்காரருக்குப் புரியவில்லை. தோள் நோய் இருப்பதால்தானே தன்னை அழைத்தார்கள் என்று கேட்டார்.

ஆமாம் என்றார் செயலர். அதனால்தான் வெளியேயும் போக வேண்டும் என்றார்.

நடைவழியில் ஒரு பெஞ்ச் இருந்தது. தாழ்வான பெஞ்ச். எதிர்ச் சுவரில் கடிகாரம். அறுவை மருத்துவர் உட்கார்ந்ததும் பெஞ்சின் மறுமுனை லேசாக எழும்பியது. சலூன்காரர் நின்றார்.

கொஞ்ச நேரம் இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"உங்களைப் பத்தி நான் எதுவும் பேசக் கூடாது," என்றார் மருத்துவர்.

"தெரியும் சார். சொன்னாங்க."

"உங்களை மாதிரி ஒருத்தர்னு வச்சுக்கலாம்."

சலூன்காரர் மூடிய கதவைப் பார்த்தார். "வச்சுக்கலாம்."

"அவர் என்ன பண்றார்?"

"சலூன் வச்சிருக்கார்."

"ஆள் எப்படி?"

"நல்ல ஆள்தான். கொஞ்சம் பேசுவார்."

அந்த ஒருத்தருக்கு எத்தனை மாதமாக இறுக்கம், இரவில் வலியால் விழிப்பு வருகிறதா, சர்க்கரை நோய் உண்டா என்றெல்லாம் மருத்துவர் கேட்டார். அவருக்காக இவர் பதில் சொன்னார். ஒன்பது மாதம். இப்போதெல்லாம் விழிப்பு வருவதில்லை. சர்க்கரை இல்லை. பயிற்சிகளைத் தினமும் செய்கிறார், மனைவி எண்ணுகிறார், அவர் ஒன்றிரண்டை விட்டுவிட்டு எண்ணச் சொல்வார்.

"போன மாசத்துக்கு இப்ப தேவலையா, மோசமா?"

"தெரியலையே சார். நாலு மாசமா அவர் தலையே தொடல. வீட்ல கத்தரிக்கோலை ஒளிச்சு வச்சுட்டாங்க."

"கடைசியா வெட்டினப்போ?"

கடைசித் தலை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தபால்காரர். நான்கு நிமிஷத்தில் கை தானாக இறங்கிவிட்டது. மீதியை மச்சினன் முடித்தான். தபால்காரர் கண்ணாடியில் மச்சினனைப் பார்த்துச் சிரித்தார். அதை இவரும் கண்ணாடியில் பார்த்தார்.

தேறுகிறாரா இல்லையா என்றே தெரியாமல் அந்த மனிதர் எப்படி முடிவெடுப்பார் என்று மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. சலூன்காரர் மருத்துவரின் பிடரியைப் பார்த்தார். காலையிலிருந்து அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

"உங்களை மாதிரி ஒருத்தர் தலைல பார்த்துடலாமா?"

மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். கடிகாரம் இப்போது அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது. கண்ணை மட்டும் அதன் பக்கம் வைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்துத் தோள்மேல் விரித்துக்கொண்டார்.

"ஆரம்பிங்க. மூணு அஞ்சு."

வலது பக்கத்திலிருந்து தொடங்கினார். கத்தரிக்கோல் கையில் ஏறியதும் விரல்கள் தாமாக ஓடின. தோள்தான் இரண்டடி பின்தங்கி வந்தது. நான்கு நிமிஷம் ஆனதை மருத்துவர் அறிவித்தார். கை இறங்கவில்லை. ஐந்து என்றார். ஆறு என்றார். ஆறில் சலூன்காரர் பேசத் தொடங்கிவிட்டார். மருத்துவர் முன்பு யாரிடம் முடி வெட்டிக்கொண்டாரோ அந்த ஆள் இடது கைக்காரராக இருக்க வேண்டும் என்றார். உண்மைதான் என்றார் மருத்துவர்.

"சார், முந்நூறு தோள் பார்த்திருக்கீங்க. அதுல எத்தனை பேருக்கு நல்லாச்சு?"

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு என்றார். அது நிமிஷம்.

"நல்லானவங்க திரும்பி வந்து நன்றி சொல்லுவாங்க. ஆகாதவங்க வேற டாக்டரைப் பார்க்கப் போயிடுவாங்க. அதனால எனக்குத் தெரிஞ்சு எல்லாருக்கும் நல்லாயிடுச்சு."

கத்தரிக்கோல் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. தன் கடையிலும் அப்படித்தான் என்று சலூன்காரர் நினைத்தார். வெட்டுப் பிடிக்காதவர் யாரும் வந்து சொன்னதில்லை. இருபத்தாறு வருடமாகத் தான் மோசமாக வெட்டியதே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஒருத்தர் வந்து உங்ககிட்ட கேட்டா?"

"எனக்குத் தெரியலன்னு சொல்லுவேன்." மருத்துவர் தலையை ஆட்டப் பார்த்தார். ஆட்டாதீர்கள் என்று சலூன்காரர் பிடித்துக்கொண்டார். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்ட சொல்லுவேன்."

ஒன்பதில் வலி தொடங்கியது. பத்தில் நெற்றி வியர்த்தது. பதினொன்றில் கை இறங்கியது. அவர் தடுத்துப் பார்த்தார். நிற்கவில்லை.

மருத்துவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வலது பக்கம் முடிந்திருந்தது. நல்ல வெட்டு. இடது பக்கம் காலையில் வந்தபடியே இருந்தது.

"பதினொண்ணு," என்றார்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. செயலர் வந்தார். மருந்தாளர் பிள்ளையை அழைக்கப் போய்விட்டார். உள்ளே நான்கு பேர்தான். ஐந்து பேர் இல்லாமல் ஓட்டெடுப்பு செல்லாது. இப்படி ஆகும்போது வெளியே இருப்பவர்களில் எவருடைய நலன் சிறியதோ அவரை உள்ளே அழைக்கலாம் என்று விதி இருக்கிறது.

"உங்கள்ல யாரோடது சின்னது?" என்றார்.

மருத்துவர் தம்மிடம் முந்நூறு தோள் என்றார். சலூன்காரர் தம்மிடம் ஒன்று என்றார். ஆனால் அந்த ஒன்று அவருடையதாயிற்றே என்றார் செயலர். எண்ணிக்கையில் பார்ப்பதா, நெருக்கத்தில் பார்ப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"தலைவர் தீர்ப்பு சொல்லிட்டாங்க. பொது உறுப்பினரோட நலன் வியாழக்கிழமையோட முடிஞ்சிடும். டாக்டரோடது ரிட்டயர் ஆகறவரைக்கும் இருக்கும். நீங்க வாங்க."

திரும்பும்போதுதான் செயலர் மருத்துவரின் தலையைப் பார்த்தார். ஒரு பக்கமாகப் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார். உறுப்பினர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பரிசைப் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும் என்று நினைவூட்டினார்.

"இன்னும் முடியலையே," என்றார் மருத்துவர்.

முடிந்த பிறகு அறிவித்தால் போதும் என்றார் செயலர்.

உள்ளே ஓட்டு இரண்டுக்கு இரண்டாக நின்றது. ஓராண்டுக்குள் ஆபரேஷன் செய்யலாம் என்று தலைவரும் குடும்ப மருத்துவரும். காத்திருப்பதும் ஒரு தண்டனை என்பது தலைவரின் கட்சி. வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்டும் புள்ளியியல் பெண்ணும். ஐந்தாவது ஓட்டு சலூன்காரருடையது. அவர் போடுவதுதான் பரிந்துரை. பரிந்துரை எல்லா மருத்துவமனைகளுக்கும் போகும்.

நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள். காலையில் அவர் ஒரு பதில் கேட்டுத்தான் வந்தார். இப்போது பதிலை அவரிடமே கேட்டார்கள்.

ஓட்டுக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். நடைவழியில் நடந்ததைச் சொன்னார். நான்கு மாதம் முன்னால் நான்கு நிமிஷம். இன்று பதினொன்று. ஆபரேஷன் இல்லாமல்.

புள்ளியியல் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யார் நேரம் பார்த்தாங்க?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"வெட்டிக்கிட்டவர்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பெஞ்ச் எவ்வளவு உயரம் என்று கேட்டாள். முழங்காலுக்குக் கீழே. நான்கு மாதம் முன்னால்? சலூன் நாற்காலி, முழுக்க இறக்கி வைத்தது. பெஞ்சைவிட நான்கு விரல் உயரம் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். தாழ்வாக இருந்தால் கையைக் கொஞ்சமாகத் தூக்கினால் போதும். ஆகவே இரண்டையும் ஒப்பிட முடியாது என்றாள். ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு தலை.

"அதுவும் பாதி," என்றாள்.

"எனக்கும் அதெல்லாம் தோணுச்சு மேடம். தப்பாக்கூட இருக்கலாம்." அவர் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "ஆனா இதை யோசிச்சுப் பாருங்க. வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அடுத்த மாசம் பதினொரு நிமிஷம் வெட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? ஆபரேஷன்தான் காரணம்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தலை. உங்க இருபத்தொரு ஆய்வைப் படிச்சவங்களைவிட என்னை நம்பினவங்க அதிகமா இருப்பாங்க."

புள்ளியியல் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இதைச் சொல்லித்தர எங்களுக்கு ஒரு பருவம் ஆகும் என்றாள் தலைவரிடம்.

தலைவர் ஓட்டைக் கேட்டார். கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆதரவுக்கு அவர் தூக்கவில்லை. எதிர்ப்புக்கு இடது கையைத் தூக்கினார். கூட்டத்தில் வலது கையை யாரும் கேட்கவில்லை.

மூன்றுக்கு இரண்டு. ஓராண்டு வரை ஊசி, பயிற்சி, காத்திருப்பு. அதன் பிறகும் தேறாவிட்டால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். தூக்கிய கை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை இதுவரை எந்த ஆய்வும் அளக்கவில்லை என்ற வரியையும் தலைவர் சேர்க்கச் சொன்னார். குடும்ப மருத்துவர் பெருமூச்சு விட்டார். அவருக்கு அந்த ஒரே தோளை இனி ஆறாவது தடவையும் பார்க்க வேண்டும்.

அறுவை மருத்துவரை உள்ளே அழைத்தார்கள். அவர் ஒரு பக்கம் ஒழுங்காகவும் ஒரு பக்கம் காடாகவும் வந்து உட்கார்ந்தார். முடிவைப் படித்துக் காட்டினார்கள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன் என்றார்.

"உங்களைக் கேட்கக் கூடாதுங்கறதுதான் விதி," என்றார் செயலர்.

கூட்டம் கலைந்தது. மருத்துவர் படிக்கட்டில் அவரை நிறுத்தி மீதி எப்போது என்று கேட்டார். நாலரைக்கு அவர் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். சலூன்காரர் தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். இன்றைக்கு அவ்வளவுதான் என்று அது சொல்லிவிட்டது. கடை முகவரியை எழுதிக் கொடுத்தார்.

"என் மச்சினன் இருப்பான். முடிச்சுக் கொடுப்பான்." கொஞ்சம் நிறுத்தினார். "நல்லா வெட்டுவான்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போது வாய் கொஞ்சம் கோணியது.

மருத்துவர் போனதும் சலூன்காரர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று தன்னுடைய மருத்துவமனைக்குப் போன் செய்தார். தேதி பதிகிற பெண் எடுத்தாள். வியாழக்கிழமை வேண்டாம் என்றார்.

அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. விட்டுவிட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான் கிடைக்கும் என்றாள். நிச்சயமாகவா என்று கேட்டாள்.

நிச்சயம் எதுவும் இல்லை. நான்கு விரல் உயரம் அவர் மனதில் வந்து நின்றது. பதினொரு நிமிஷம் பெஞ்சால் வந்ததாக இருக்கலாம். அடுத்த மாதம் ஏழாகக் குறையலாம். ஐந்து மாதம் கழித்து இதே படிக்கட்டில் நின்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளலாம். வாரம் ஒரு தலை, அதே நாற்காலியில், கடிகாரம் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார். தேறவில்லையென்றால் போய் ஆபரேஷனுக்குப் படுத்துக்கொள்வது.

"நிச்சயமா தெரியல," என்றார். "ஆனா வேணாம்."

காரணம் கேட்டாள். அவர் தொடங்கினார். இருபத்தொரு ஆய்வுகள், டிகிரி, தபால்காரர், பெஞ்ச். நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல நிதானமாகச் சொன்னார். அவளும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சார், பின்னாடி நாலு பேர் லைன்ல இருக்காங்க. இங்க நாலு காரணம்தான் இருக்கு. உடம்பு சரியில்ல, வெளியூர், வேற ஆஸ்பத்திரி, பயம். எதைப் போட?"

முதல் மூன்றும் பொய்.

"பயம்னு போட்டுக்கட்டுமா?"

அவர் யோசித்தார். மனைவியிடம் ஐந்து மாதம் என்பதை இன்னும் சொல்லவில்லை.

"போட்டுக்குங்க," என்றார். "இருக்கு."